ஓடும்போது விழுந்த பையன், பால் குடிக்கும்போது வேர்த்த குழந்தை: இதயத் தமனிப் பிறவிக் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் 16 வருடமாக எக்கோ எடுக்கிற டெக்னீஷியன். என் அக்கா மகன், 20 வயதுப் பையன், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும்போது ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விழுந்தான். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற வலது தமனி இடம் மாறிக் கிளம்புகிற பிறவிக் கோளாறு அவனுக்கு. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், அவனோடு ஓடுகிற பசங்க, தெப்பக்குளத்தில் காலையில் நடக்க வருகிறவர்கள் என்று ஆளாளுக்கு என்னைப் பிடித்துக் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தா, ஆபரேஷனா என்கிற முடிவெல்லாம் உங்கள் இதய டாக்டரோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டியது.

இதயத் தமனி என்றால் எது? அதில் பிறவிக் கோளாறு என்றால் என்ன?

உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் சாப்பாடு வேண்டுமே. தனக்குள் நிறைந்திருக்கிற ரத்தத்தை அது அப்படியே உறிஞ்சிக்கொள்ள முடியாது. அயோர்ட்டா என்கிற பெருங்குழாய் இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சின்னத் துவாரங்கள் இருக்கும். அங்கிருந்து கிளம்பி இதயத்தின் மேல் படர்ந்து போகிற குழாய்கள்தான் கரோனரி தமனிகள். தடிமன் பெரியவர்களுக்கே 3, 4 மில்லிமீட்டர்தான். மேலூர்ப் பக்கத்து ஆட்களிடம் கண்மாய் மடை என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்: அயோர்ட்டா கண்மாய், துவாரம் மடை, தமனி வாய்க்கால், இதயத் தசை வயல். இடது மடை ஒன்று, வலது மடை ஒன்று. இடது வாய்க்கால் கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரிந்து, முன்பக்கம் இறங்குவது எல்ஏடி, பின்பக்கம் சுற்றிப் போவது சர்க்கம்ஃப்ளெக்ஸ்.

இந்த அமைப்பு தாய் வயிற்றிலேயே மாறிப் போனால் அது பிறவிக் கோளாறு. வலது மடை இடது பக்கம் இருக்கலாம், அல்லது இடது மடை வலது பக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மடை இருக்கலாம். மடை சரியாக இருந்தும் வாய்க்கால் போகிற பாதை கோளாறாக இருக்கலாம். வாய்க்கால் வயலுக்குப் போகாமல் நேராக இதய அறைக்குள்ளேயே திறந்துகொள்ளலாம், அதை ஃபிஸ்டுலா என்பார்கள். எல்லாவற்றிலும் மோசமானது, மடையே வேறு கண்மாயில் இருப்பது. அதாவது இடது தமனி அயோர்ட்டாவில் கிளம்பாமல், நுரையீரலுக்குப் போகிற தமனியில் கிளம்புவது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இதைத்தான் 'இதயத்தில் ஓட்டை' என்கிறார்களா?

இல்லை. ஓட்டை என்பது இதய அறைகளுக்கு நடுவே இருக்கிற சுவரில். இது குழாய் சமாச்சாரம். ஓட்டை இல்லை என்று ரிப்போர்ட் வந்ததால் குழாயும் சரி என்று ஆகிவிடாது, நிறையப் பேர் இங்கேதான் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

கறி, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால் வந்த அடைப்பா?

அதுவும் இல்லை. 50 வயதில் வருகிற அடைப்பு, கொழுப்பு படிந்து குழாய் சுருங்குவது. இது கட்டும்போதே வேறு மாதிரிக் கட்டப்பட்ட குழாய். என் அக்கா ஒரு வருடம் வீட்டில் சுக்கா வறுக்கவில்லை, பாவம், பையன்தான் திட்டி மறுபடி வறுக்க வைத்தான். காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு இந்தக் குழாய்கள் வீங்கிப்போகிற காவசாக்கி நோயும் வேறு, அது பிறந்த பிறகு வருவது.

எத்தனை பேருக்கு இருக்கும்?

கடைசிப் பக்கம் வருகிற மயோகார்டியல் பிரிட்ஜைத் தள்ளிவிட்டு மற்ற வகைகளைச் சேர்த்தால் நூற்றுக்கு ஒருவருக்குப் பக்கத்தில். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ஆஞ்சியோ எடுத்த 1,26,595 பேரின் படங்களைத் திரும்பப் பார்த்து 1990-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதில் 1,686 பேருக்கு, அதாவது 1.3 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு மாறுதல் இருந்தது. பயப்படாதீர்கள், அதில் 81 சதவீதம் ஒன்றும் செய்யாத வகை. சர்க்கம்ஃப்ளெக்ஸ் குழாய் வலது பக்கம் கிளம்பி அயோர்ட்டாவுக்குப் பின்னால் சுற்றிப் போவதெல்லாம் அந்த ரகம்தான், அதோடு பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

உங்கள் மருமகனுக்கு என்னதான் நடந்தது?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அவன் ஆறு நிமிடத்துக்குள் ஓடுகிறவன். ஒரு நாள் காலை மூன்றாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறான். பசங்க தண்ணீர் தெளித்து, கோலி சோடா வாங்கிக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது, வெறும் வயிற்றில் ஓடியிருக்கிறான், வாயுவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, நீயே ஒருதடவ பாத்துருடா" என்று என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். எக்கோ எடுத்தது நான்தான். வால்வெல்லாம் சுத்தம், பம்பிங் 64 சதவீதம், ஓட்டை கிடையாது. நார்மல் என்று டைப் அடித்தேன், டாக்டர் கையெழுத்துப் போட்டார், மாப்ளைக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சீட்டில் கிறுகிறுப்பு என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எப்போது வந்தது, ஓடிக்கொண்டிருக்கும்போதா, ஓடி முடித்து நின்ற பிறகா என்று தாய்மாமன் நானே கேட்கவில்லை.

19 நாள் கழித்து அதே மைதானத்தில் மறுபடி விழுந்தான். இந்த முறை சோடாவுக்கெல்லாம் எழவில்லை. பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு முன்னாள் ராணுவக்காரர் ஓடி வந்து நெஞ்சை அமுக்கியபடியே இருந்திருக்கிறார், 108 வந்து ஷாக் கொடுத்துத்தான் துடிப்பு திரும்பியது. அப்புறம் எடுத்த சிடி ஆஞ்சியோவில் தெரிந்தது: வலது தமனி, இடது தமனி கிளம்புகிற பக்கத்திலேயே கிளம்பி, அயோர்ட்டாவுக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் நுழைந்து வலது பக்கம் வருகிறது.

அன்று ராத்திரி என் மெஷினில் சேமித்து வைத்திருந்த அவனுடைய எக்கோ படத்தைத் திறந்து பார்த்தேன். அயோர்ட்டா வால்வைக் குறுக்கே வெட்டிப் பார்க்கிற படத்தில், மூடிய வால்வு பென்ஸ் கார் சின்னம் மாதிரி இருக்கும். அதைச் சுற்றிக் கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொண்டால் 4 மணிப் பக்கம் இடது தமனி கிளம்பும், 11 மணிப் பக்கம் வலது தமனி. 11 மணியில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் வைக்கிற கருவியை, ப்ரோபை, கொஞ்சம் திருப்பித் தேடியிருக்க வேண்டும். நான் தேடவே இல்லை.

உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாமல் ஓடும்போது மட்டும் ஏன்?

இரண்டு காரணம், ஒன்றோடொன்று பின்னியது. உடம்பின் மற்ற தசைகள் ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும், தேவைப்பட்டால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இதயத் தசை சும்மா இருக்கும்போதே முக்கால்வாசியை எடுத்துவிடுகிறது. ஆகவே ஓடும்போது அதற்கு வேறு வழி இல்லை, ரத்தமே கூடுதலாக வர வேண்டும், நாலைந்து மடங்கு வர வேண்டும். அதோடு இந்தக் குழாய்களில் ரத்தம் பெரும்பாலும் இதயம் சுருங்கி முடித்துத் தளர்கிற இடைவெளியில்தான் பாயும். துடிப்பு 180-க்குப் போனால் அந்த இடைவெளியே சுருங்கிவிடும்.

இனி, தப்பான பக்கத்தில் கிளம்புகிற தமனியின் வாய் வட்டமாக இருக்காது, சட்டைப் பொத்தான் துளை மாதிரி ஒரு கீறலாக இருக்கும். சாய்வாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் அயோர்ட்டாவின் சுவருக்குள்ளேயே பதுங்கிப் போகும். ஓடும்போது அயோர்ட்டா விரியும்போது, சுவருக்குள் இருக்கிற அந்தப் பகுதி நசுங்கும், கீறல் இன்னும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அதிகம் கேட்கிற நேரம் பார்த்து மடை அடைத்துக்கொள்கிறது. பட்டினியான தசை தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால் ஆள் விழுவான்.

இதில் இடது தமனி வலது பக்கம் கிளம்பி நடுவில் புகுந்து வருவது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஆபத்து அதிகம், ஏனென்றால் இதயத்தின் பெரும்பகுதி இடது தமனியை நம்பியிருக்கிறது. வலது தமனி இடம் மாறுவது அதைவிட அதிகம் பேருக்கு, பலருக்கு ஒன்றும் செய்வதில்லை, என் மருமகன் மாதிரி சிலருக்குச் செய்துவிடுகிறது. இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென்று இறந்துபோவதற்கான காரணங்களில் இந்தத் தமனிக் கோளாறு முன்வரிசையில் இருக்கிறது. பீட் மாராவிச் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர், பத்து சீசன் தொழில்முறையாக ஆடியவர், 1988 ஜனவரி 5-ம் தேதி சும்மா நண்பர்களோடு ஆடிக்கொண்டிருக்கும்போது 40 வயதில் சரிந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு இடது தமனியே இல்லை என்று தெரிந்தது. அத்தனை வருடம் ஒரே குழாயில் ஆடியிருக்கிறார்.

கைக்குழந்தைக்கு வருவது என்ன? எப்படிக் கண்டுபிடிப்பது?

இடது தமனி நுரையீரல் தமனியில் கிளம்புகிற கோளாறு இது. சுருக்கமாக அல்காபா என்பார்கள். 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு. அபூர்வம்தான், ஆனால் சரிசெய்யாமல் விட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டாது, அதனால்தான் இதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்கு ஒரு தொல்லையும் இருக்காது. அப்போது நுரையீரல் தமனியிலும் அயோர்ட்டாவுக்குச் சமமான அழுத்தம் இருக்கும், இரண்டிலும் ஓடுவது ஏறக்குறைய ஒரே தரமான ரத்தம். பிறந்து மூச்சுவிட ஆரம்பித்த பிறகு நுரையீரல் பக்கத்து அழுத்தம் வாரக் கணக்கில் மெல்ல இறங்கும். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். இந்தக் குழந்தைக்கு மட்டும், கண்மாயில் தண்ணீர் இறங்க இறங்க மடையில் பாய்வது நின்று, ஒரு கட்டத்தில் வயலில் இருக்கிற தண்ணீரே திரும்பக் கண்மாய்க்கு ஓட ஆரம்பித்துவிடும். வலது தமனி கொடுக்கிற ரத்தம் இடது பக்கக் குழாய்களுக்குள் வந்து, தசைக்குப் போகாமல் நுரையீரல் தமனிக்குள் வடிந்துவிடும். சாதாரணமாக இரண்டு, மூன்று மாதத்தில் இது வெளியே தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், பால் குடிக்கும்போது. கைக்குழந்தைக்கு ஓட்டம், கபடி, படியேறுவது எல்லாமே பால் குடிப்பதுதான், அதற்கு அதைவிடப் பெரிய உழைப்பு கிடையாது. நாலு வாய் உறிஞ்சும், நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்க்கும், வெளிறிப்போகும், மார்பை விட்டுவிட்டு வீறிட்டு அழும், மூச்சு வாங்கும், மறுபடி பசியில் தேடும். எடை ஏறாது. 1933-ல் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்கிற மூன்று அமெரிக்க டாக்டர்கள் மூன்று மாதக் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதும்போது, பால் குடிக்கிற சிரமத்தில் குழந்தைக்கு வருகிற இந்த வேதனை பெரியவர்களுக்கு வருகிற நெஞ்சுவலியேதான் என்கிற முடிவுக்கு வந்தார்கள். இந்த நோய்க்கு அவர்கள் பெயரே இன்னொரு பெயராக இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு உரம் விழுந்துவிட்டது என்று பெயர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழந்தையை நான் எக்கோ பார்த்திருக்கிறேன். புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்து, ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர், கயிறு மந்திரிப்பு எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அந்த அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன், பத்துப் பிள்ளை வளர்த்தவர், ஒன்பது பிள்ளைக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அவர்தான் என்னிடம் அந்த முக்கியமான வார்த்தையைச் சொன்னார்: "சும்மா கெடக்கையில சிரிக்கிது தம்பி, பாலு குடிச்சா மட்டுந்தேன் வேர்த்து ஊத்துது." இதயம் பலூன் மாதிரி வீங்கி, இடது பக்க வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. முதல் பார்வைக்கு இதயத் தசை வீக்க நோய் என்றுதான் தோன்றும். குழந்தைகள் இதய டாக்டர் வந்து கலர் போட்டுத் தேடி, இடது தமனிக்குள் ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடுவதைக் காட்டினார். இதயம் பெரிதாகி பம்பிங் குறைந்த எந்தக் குழந்தைக்கும் அந்த இடத்தைப் பார்க்காமல் தசைநோய் என்று முடிவு கட்டக்கூடாது.

ஆபரேஷனில் அந்தத் தமனியின் வாயைப் பொத்தான் மாதிரி வெட்டியெடுத்து அயோர்ட்டாவில் தைத்துவிடுவார்கள். ரத்தம் போக ஆரம்பித்ததும் அந்த வீங்கிய இதயம் மாதக் கணக்கில் தேறி வருவதை எக்கோவில் பார்ப்பது எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று. இதே கோளாறோடு வலது தமனியின் தயவில் பெரியவர்களாகிவிடுகிற சிலரும் உண்டு, அவர்களுக்கு வேறு எதற்கோ சோதிக்கும்போது தெரியவரும்.

ஈசிஜி நார்மல், ட்ரெட்மில் நார்மல். அப்படியென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?

அல்காபா குழந்தையின் ஈசிஜி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஓடுகிற வயதுப் பையன்களுக்கு அப்படி இல்லை. படுத்துக்கொண்டு எடுக்கிற ஈசிஜி அந்த நேரத்து மின்னோட்டத்தைத்தான் காட்டும், குழாய் எங்கே கிளம்புகிறது என்று காட்டாது. ட்ரெட்மில்லும் நார்மலாக வரலாம், வந்த பிறகு விழுந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல எக்கோவில், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் ஒல்லியான பசங்களுக்கும், தேடினால் இரண்டு வாயையும் பார்க்கலாம். ஆனால் உறுதியாகச் சொல்வது சிடி ஆஞ்சியோதான். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்த இளவயதுக்காரருக்கு எக்கோவில் தமனி தெரியவில்லை என்றால் அடுத்து அதைத்தான் கேட்க வேண்டும்.

வெயிலில் வரிசையில் நின்று மயங்குவது, ஊசியைப் பார்த்து மயங்குவது, ஓடி முடித்து நின்ற பிறகு கிறுகிறுப்பது, இதெல்லாம் பெரும்பாலும் சாதாரணம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, கால் எட்டு வைக்கிற நேரத்திலேயே விழுந்தால் அது வேறு கதை.

சிடி ஆஞ்சியோ வலிக்குமா?

வலிக்காது. முன்கூட்டியே கிரியேட்டினின் பார்ப்பார்கள், கிட்னி சரியாக இருக்கிறதா என்று. அன்று காபி, டீ கூடாது. துடிப்பு 60, 65-க்கு இறங்கினால்தான் படம் ஆடாமல் வரும், அதனால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொல்வார்கள், பயத்தில் துடிப்பு இறங்காமல் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மருந்து கையில் ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று சந்தேகம் வரும். போயிருக்க மாட்டீர்கள். சில விநாடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் என்னென்னவோ எழுதியிருக்கிறதே?

'அனாமலஸ் ஒரிஜின்' என்றால் இடம் மாறிக் கிளம்புகிறது. அதைப் பார்த்ததும் அலற வேண்டாம், அடுத்த வார்த்தையைப் பாருங்கள். 'ரெட்ரோ அயோர்ட்டிக்' என்றால் பின்னால் சுற்றிப் போகிறது, பெரும்பாலும் தொல்லை இல்லை. 'இன்டர்ஆர்ட்டீரியல்' என்றால் இரண்டு பெருங்குழாய்களுக்கு நடுவில் போகிறது, 'இன்ட்ராம்யூரல்' என்றால் சுவருக்குள் பதுங்கிப் போகிறது. இந்த இரண்டு வார்த்தையில் எது இருந்தாலும், பிறவி இதய நோய் பார்க்கிற டாக்டரிடம் சீக்கிரம் போங்கள், அதுவரை ஓட்டம் ஆட்டம் வேண்டாம்.

'மயோகார்டியல் பிரிட்ஜ்' என்று போட்டிருக்கிறதே, ஆபரேஷன் வேண்டுமா?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான், சிடி எடுப்பது கூடிப்போனதால். தமனி இதயத்தின் மேலே போவதற்குப் பதில் கொஞ்ச தூரம் தசைக்குள் முங்கி எழுவது. தேடினால் நாலைந்து பேரில் ஒருவருக்கு இருக்கும், அநேகமாக எல்லோரும் தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். நெஞ்சுவலி இருந்தால் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை கொடுப்பார்கள். ஒன்று மட்டும்: நாக்குக்கு அடியில் வைக்கிற நெஞ்சுவலி மாத்திரை இவர்களுக்கு வலியைக் கூட்டிவிடக்கூடும், ஆகவே பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள்.

ஸ்டென்ட் வைத்தால் போதாதா? ஏன் நெஞ்சைத் திறக்க வேண்டும்?

20 வயதுப் பையனுக்கு அது வழி இல்லை என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். கொழுப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொள்வதற்குத்தான் ஸ்டென்ட், இங்கே கொழுப்பே கிடையாது, வாயின் அமைப்பே தப்பு. பைபாஸும் சரிப்படாது. ஓய்வாக இருக்கும்போது பழைய குழாயிலேயே ரத்தம் தாராளமாக ஓடுவதால் புதுக் குழாய் வேலையில்லாமல் மெல்ல அடைத்துப்போகும். அதனால் அயோர்ட்டாவைத் திறந்து, சுவருக்குள் பதுங்கியிருக்கிற பகுதியின் கூரையைப் பிரித்துவிடுகிறார்கள். அதுவரை கீறலாக இருந்த வாய், சரியான பக்கத்தில், அகலமாகத் திறந்துகொள்ளும். சுவருக்குள் போகாத வகை என்றால் தமனியையே வெட்டி இடம் மாற்றித் தைப்பார்கள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் இல்லை. இடது தமனி தப்பாகக் கிளம்பி நடுவில் போனால், தொல்லையே இல்லாவிட்டாலும் செய்துகொள்ளச் சொல்வார்கள். வலது என்றால், அறிகுறி இருந்தாலோ சோதனையில் ரத்தம் குறைவது தெரிந்தாலோதான். ஃபிஸ்டுலா சின்னதாக இருந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம், பெரிதென்றால் தொடை வழியாகக் குழாய் விட்டுக் 'காயில்' என்கிற கம்பிச் சுருளை வைத்தே அடைத்துவிடலாம். நீலக் குழந்தைகளுக்கு வருகிற ஃபேலட் கோளாறில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஒரு பெரிய தமனி, சரியாகக் கத்தி வைக்க வேண்டிய இடத்தின் மேலேயே குறுக்கே போகும், ஆகவே அதை முன்பே பார்த்துவைப்பது சர்ஜனுக்கு உயிர்நாடி.

தாய்மாமனைக் கட்டியதால் வந்ததா? கிரகணத்தன்று வெளியே போனதாலா?

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கரு உருவாகி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், அயோர்ட்டாவைச் சுற்றிப் பின்னியிருக்கிற மெல்லிய குழாய்கள் வளர்ந்து அதற்குள் துளைத்துக்கொண்டு போய்ச் சேருகின்றன. ஆமாம், மடை வெட்டி வாய்க்கால் வருவதில்லை, வாய்க்கால் வந்து மடையைத் திறக்கிறது. அது ஒரு இழை தள்ளித் துளைத்தால் முடிந்தது. பல பெண்களுக்குத் தான் முழுகாமல் இருப்பதே உறுதியாகாத நாட்கள் அவை. சொந்தத்தில் கட்டினால் பொதுவாகப் பிறவிக் கோளாறுகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மை, ஆனால் இந்தத் தமனிக் கோளாறு பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவரோடு நின்றுவிடுவது. சில குடும்பங்களில் இரண்டு பேருக்கு இருந்திருக்கிறது, ஆகவே கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு எக்கோ பார்த்துவைக்கலாம், அக்காவின் மகளுக்கு நாங்கள் பார்த்தோம். யார் வீட்டு ரத்தம் என்று சம்பந்திகள் சண்டை போடுவதற்கு இதில் இடமில்லை.

செலவுக்கு என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. விஏஓ வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கிற பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்துவைப்பது நல்லது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும், அவர்களிடம் "ஓடினா நெஞ்சு வலிக்கிதுங்கிறான்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரியில் வரிசை நீளம்தான், ஆனாலும் போங்கள்.

ஓடலாமா? கபடி, ஜல்லிக்கட்டு?

தொல்லையில்லாத வகை என்று டாக்டர் உறுதி செய்தால் எல்லாம் செய்யலாம். ஆபத்தான வகை என்றால் சரிசெய்யும் வரை கூடாது. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்து உடற்பயிற்சிச் சோதனை வைத்து, ரத்தம் குறையவில்லை என்று பார்த்த பிறகு திரும்ப அனுமதிப்பார்கள். அலங்காநல்லூர், பாலமேட்டில் களம் இறங்குமுன் உடல் தகுதி பார்க்கிறார்களே என்று ஒரு தம்பி கேட்டான். நாடியும் பிரஷரும் பார்ப்பதில் இது தெரியாதுப்பா.

என் மருமகன் இப்போது ஓடுகிறான். போலீஸ் ஆசை போய்விட்டது, ஆனால் வாரத்தில் நாலு நாள் தெப்பக்குளத்தை மூன்று சுற்று. அக்கா கல்கட்டையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாள்.

பெண் பிள்ளைக்கு இருந்தால் கல்யாணம், பிரசவம்?

சரிசெய்த பிறகு பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. கர்ப்பத்துக்கு முன்பே இதய டாக்டரைப் பார்த்து ஒரு சோதனை முடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் தழும்பு இருக்கும், மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பது என் கருத்து.

கண்ணெதிரே ஒருவர் இப்படி விழுந்தால்?

தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-க்கு அடிக்க, இன்னொருவர் நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி மாற்றி. இதயம் நின்றவருக்கு முதலில் கைகால் வெட்டி இழுக்கலாம், மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடலாம். அதை வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நிற்கிற நிமிடங்கள்தான் ஆளைக் கொல்கின்றன. வாயில் சோடா ஊற்றாதீர்கள்.

எக்கோ எடுக்கும்போது நாங்கள் என்ன கேட்கலாம்?

படுத்துக்கொண்டே கேளுங்கள்: "ரெண்டு ரத்தக்குழாயும் கெளம்புற எடம் தெரியுதாண்ணே?" எங்களுக்கு ஒரு நாளைக்கு 40 பேர், கொஞ்சம் எரிச்சலாகத்தான் பார்ப்போம், பரவாயில்லை. சீட்டில் வெறும் மயக்கம் என்றிருந்தால் 'ஓடும்போது' என்கிற வார்த்தையை டாக்டரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். சில நெஞ்சுகளில், முக்கியமாகப் பருத்த உடம்பில், எவ்வளவு திருப்பினாலும் அந்த இடம் தெரியாது. அப்படியென்றால் தெரியவில்லை என்றே ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.